பறவையைத் தேடும் முன் தண்ணீரைப் பாருங்கள்: கோடியக்கரையின் பனிக்காலம்

கோடியக்கரைக்குப் போய்வந்தவர்களிடம் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பூநாரை பார்த்தீங்களா?" பார்த்தவர்கள் செல்போனை எடுத்துப் படத்தைக் காட்டுவார்கள். பார்க்காதவர்கள், "இந்த வருஷம் சரியா வரலையாம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். பல சமயம் பூநாரைகள் வந்துதான் இருக்கும். அவர்கள் நின்று பார்த்த இடத்தில் அன்றைக்குத் தண்ணீர் அவற்றுக்குத் தோதாக இருந்திருக்காது, அவ்வளவுதான். அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் மேற்கே, முட்டளவு தண்ணீரில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்திருக்கும்.

ஈரநிலப் பறவைகளைப் பார்க்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் ஒரு படப்புத்தகம் வாங்கிப் பெயர்களை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்குகிறார்கள். தவறில்லை, ஆனால் அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. போய் இறங்கியதும் முதலில் தண்ணீரைப் பாருங்கள். கண்முன் கிடக்கும் இடம் காய்ந்த உப்புத் தரையா, ஈரச் சேறா, இரண்டு விரற்கடைத் தண்ணீரா, ஒரு சாணா, ஒரு முழமா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் அங்கே எந்தப் பறவை நிற்க முடியும், எது நிற்கவே முடியாது என்பதைப் பாதிக்கு மேல் சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரை அந்த ஒரு விஷயத்தைப் பற்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் பறவைகள் சரணாலயம் என்றதும் பெரும்பாலானோர் மனதில் வருவது வேடந்தாங்கல். ஏரிக்குள் மரங்கள், மரம் நிறையக் கூடுகள், கரையில் நின்றால் நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்க்கலாம். அவை அங்கே வருவது இனப்பெருக்கம் செய்ய. கூடு ஓரிடத்தில் இருப்பதால் பறவையும் அங்கேயே இருக்கும். போகிறவர்கள் ஏமாற மாட்டார்கள். கோடியக்கரைக்குப் பனிக்காலத்தில் வரும் பறவைகளில் ஆகப்பெரும்பாலானவை இங்கே கூடு கட்டுவதில்லை. அவை வருவது சாப்பிட, உடம்பைத் தேற்றிக்கொள்ள, பழைய இறகை உதிர்த்துப் புது இறகு வளர்த்துக்கொள்ள. இரை எங்கே எட்டுகிறதோ அங்கே போகும். தண்ணீர் நகர்ந்தால் அவையும் நகரும். ஆகவே "கோடியக்கரையில் எந்த இடத்தில் பார்க்கலாம்?" என்ற கேள்விக்கு நிலையான பதில் கிடையாது.

கடற்கரை திரும்பும் மூலை

வங்காள விரிகுடாவை ஒட்டித் தெற்கே இறங்கி வரும் சோழமண்டலக் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே திறந்த கடல். தெற்கே பாக் நீரிணை. அதைத் தாண்டினால் யாழ்ப்பாணம். இந்த முனையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் வரைக்கும், அதற்கு அப்பாலும், 40 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. கடலுக்கும் இதற்கும் நடுவே மணல்திட்டுகள் மட்டுமே.

1967இல் இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டதற்கு முதன்மைக் காரணம் பறவைகள் அல்ல, வெளிமான்கள். சரணாலயம், சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்தி எல்லாம் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் ஈரநிலம் இதுதான். அடுத்த இடங்கள் சேர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் சேதி அதன் தட்டைத்தன்மை. சரணாலயத்தின் மிக உயரமான மேடு இராமர் பாதம். அதன் உயரமே சில மீட்டர்தான். மற்ற இடமெல்லாம் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே மட்டம். இப்படிப்பட்ட தரையில் தண்ணீர் ஒரு சாண் ஏறினால் சதுரக் கிலோமீட்டர் கணக்கில் சேறு மூழ்கிப்போகும். ஒரு சாண் வடிந்தால் அத்தனையும் வெளியே தெரியும். பாக் நீரிணைப் பக்கம் கடல் ஏற்றவற்றம் பெரிதாக இருக்காது, ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் இவ்வளவு தட்டையான இடத்துக்கு அதுவே அதிகம். போதாததற்குக் காற்று வேறு. ஆழமில்லாத நீர்ப்பரப்பை வாடைக்காற்று ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். காலையில் சேறாக இருந்த இடம் மாலையில் தண்ணீராக இருப்பது இங்கே அதிசயமில்லை.

எதற்காக இவ்வளவு தூரம்?

கொசு உள்ளான் என்று ஒரு பறவை. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், எடை 25 கிராம் அளவில். அது முட்டையிடுவது வட துருவத்தை ஒட்டிய மரமில்லாத் தூந்திரச் சமவெளியில். அங்கே கோடையில் சில வாரங்களுக்குச் சூரியன் மறைவதே இல்லை. உருகிய குட்டைகளில் கொசுவும் ஈயும் புழுவும் பெருகிக் கிடக்கும். குஞ்சு வளர்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அந்தக் காலம் மிகக் குறுகியது. ஆகஸ்ட் கடந்ததும் தரை மறுபடி இறுகத் தொடங்கும். சேறு உறைந்துவிட்டால் அதற்குள் இருக்கும் புழு இருந்தும் இல்லாத மாதிரிதான். எந்த அலகும் உள்ளே போகாது.

எனவே இவை குளிருக்குப் பயந்து ஓடி வருகின்றன என்று சொல்வது பாதி உண்மை. இறகு இருக்கும் வரை குளிரைத் தாங்கிக்கொள்ளலாம். பட்டினியைத் தாங்க முடியாது. உறையாத சேறு எங்கே இருக்கிறது என்று தேடித்தான் மத்திய ஆசிய வலசைப் பாதையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இறங்கி வருகின்றன. சேற்றில் மேயும் உள்ளான் இனங்கள் பலவற்றில் வளர்ந்த பறவைகள் முன்னால் கிளம்பிவிடும். அந்த வருஷம் பொரித்த குஞ்சுகள், வழிகாட்ட ஆளில்லாமல், சில வாரம் கழித்துத் தாமாகவே கிளம்பி வந்து சேரும். பறவைகளைப் பற்றி எவ்வளவு படித்தாலும் இந்த ஒரு செய்தி மட்டும் எனக்குப் பழகுவதே இல்லை.

அவர்கள் ஊரில் பனிக்காலம் என்பது உறைபனி. நம் ஊரில் அதே மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். நாகப்பட்டினக் கரைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையில் உப்புப் பாளமாக வெடித்துக் கிடந்த சதுப்பில் மழைநீரும் ஆற்று வடிகாலும் சேர்ந்து உப்பைத் தணிக்கின்றன. சேற்றில் புழு, நத்தை, சிறு நண்டு, பூச்சிப்புழு எல்லாம் உயிர்பெறுகின்றன. வடக்கே சேறு பூட்டிக்கொள்ளும் நேரத்தில் இங்கே சேறு திறக்கிறது.

விரற்கடையிலிருந்து முழம் வரை

இப்போது கரையில் நின்று, காய்ந்த பக்கத்திலிருந்து ஆழமான பக்கத்துக்கு மெதுவாகக் கண்ணைக் கொண்டுபோங்கள்.

காய்ந்தும் காயாமலும் ஈரம் படர்ந்த தரையில் நிற்பவை உப்புக்கொத்திகள். உருண்டைத் தலை, பெரிய கண், குட்டையான அலகு. இவை இரையைக் கண்ணால் தேடுபவை. குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். இந்த ஓட்டம்-நிறுத்தம்-கொத்து என்ற நடையை ஒருமுறை கவனித்துவிட்டால் நூறு மீட்டர் தள்ளியிருந்தும் உப்புக்கொத்தியைச் சொல்லிவிடலாம். இறகின் நிறத்தைப் பார்க்கவே வேண்டாம்.

தண்ணீர் வடிந்து பளபளக்கும் ஈரச் சேற்றிலும் ஒரு விரற்கடைத் தண்ணீரிலும் கொசு உள்ளான்கள் கூட்டமாக இருக்கும். குனிந்த தலை நிமிராமல் படபடவென்று கொத்திக்கொண்டே நகரும். இதன் அலகு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. கால் அதற்கேற்ற குட்டை. தண்ணீர் நாலு விரற்கடை ஏறினாலே இதற்கு இங்கே வேலையில்லை. வேறிடம் போயாக வேண்டும்.

இரண்டு, மூன்று விரற்கடைத் தண்ணீருக்குள் இறங்குபவை வளைமூக்கு உள்ளானும் சிவந்த காலோடு திரியும் பவளக்காலியும். வளைமூக்கு உள்ளானுக்கு நுனி கீழே வளைந்த, நாலு சென்டிமீட்டர் அளவுள்ள அலகு. இது கண்ணை நம்புவதைவிட அலகைத்தான் நம்புகிறது. தையல் மெஷின் வேகத்தில் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். உள்ளான்களின் அலகு நுனியில், எலும்பிலேயே நுண்ணிய குழிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள். சேற்றுக்குள் புழு அசைந்தால் அலகுக்குத் தெரியும். இன்னொரு வசதியும் உண்டு: அலகு முழுவதையும் திறக்காமல் நுனியை மட்டும் திறந்து இரையைப் பற்ற முடியும். இறுகிய சேற்றுக்குள் வாயை அகலத் திறக்க முடியாது என்பதை யோசித்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

ஒரு சாண் தண்ணீர் என்றால் ஆட்கள் மாறிவிடுவார்கள். குச்சிக் குச்சியாக நீண்ட இளஞ்சிவப்புக் காலோடு நெடுங்கால் உள்ளான். நேரான நீள அலகோடு கருவால் மூக்கன். கறுப்பு வெள்ளை உடம்பும் மேல்நோக்கி வளைந்த மெல்லிய அலகுமாகக் கோணமூக்கு உள்ளான். இந்தக் கோணமூக்கு, அலகைத் தண்ணீரில் இடமும் வலமும் வீசி அரிவாள் போட்டுக்கொண்டே நடக்கும். கரண்டிவாயனும் அதே வேலையைத்தான் தன் தட்டை அலகால் செய்கிறது. அலகை லேசாகத் திறந்து வீசும். ஏதாவது தட்டுப்பட்டால் கப்பென்று மூடும். மஞ்சள்மூக்கு நாரையும் இப்படித் தொட்டறிந்து பிடிக்கும் ரகம். கலங்கிய தண்ணீரில் கண் எதற்கு?

இங்கே புதியவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்வார்கள். நீண்ட அலகு என்றால் ஆழத் தண்ணீர் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. காலின் நீளம் தண்ணீருக்கு, அலகின் நீளம் சேற்றுக்கு. கோட்டான் என்ற பெரிய உள்ளானைப் பாருங்கள். பறவை பார்ப்பவர்கள் கர்லூ என்பார்கள். பதினைந்து சென்டிமீட்டர் வரை நீளக்கூடிய வளைந்த அலகு அதற்கு. அது மேய்வது பெரும்பாலும் தண்ணீரே இல்லாத சேற்றுத் திட்டில்தான். அவ்வளவு நீளமும் நண்டு வளைக்குள் விடுவதற்கு. பூநாரைக்கு நேர்மாறு: கால் முழக்கணக்கில் நீளம், அலகோ குட்டை.

பூநாரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், எல்லோரும் அதற்காகத்தானே போகிறார்கள். நிமிர்ந்து நின்றால் நாலடிக்கு மேல் இருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரிலும் அதற்குச் சற்று மேலும் இறங்கி மேயும். அதன் அலகு நடுவில் ஒடிந்த மாதிரி கீழே திரும்பியிருப்பது, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சாப்பிடுவதற்காக. கவிழ்த்த நிலையில் அலகின் மேற்பாதி கீழேயும் கீழ்ப்பாதி மேலேயும் வரும். தடித்த நாக்கு முன்னும் பின்னும் போய்வந்து தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரங்களில் வரிசையாக நுண்ணிய தகடுகள். சோறு வடிக்கிற மாதிரிதான்: தண்ணீர் வெளியே போய்விடும், பருக்கை உள்ளே நிற்கும். பருக்கை இங்கே சிறு இறால் வகைகளும் பூச்சிப்புழுக்களும் பாசியும். சில சமயம் ஓரிடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றும். அடியில் படிந்திருப்பதைக் கிளப்பிவிடுவதற்கான உத்தி அது. பார்ப்பவர்கள் நடனம் என்பார்கள். அது மேய்ச்சல்.

கோடியக்கரைக்கு வருபவற்றில் அதிகம் பெரிய பூநாரைகள். சிறிய பூநாரையும் உண்டு, குறைவு. சிறியதன் தகடுகள் இன்னும் நெருக்கம் என்பதால் நுண்பாசியை வடித்துண்ணும். பெரியது சற்றுப் பெரிய இரையை எடுக்கும். பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் தட்டில் இருப்பது வேறு. "படத்துல சிவப்பா இருக்கே, இங்க வெள்ளையா இருக்கே?" என்று கேட்பார்கள். பெரிய பூநாரை நிற்கும்போது வெளிறித்தான் தெரியும். சிவப்பு சிறகுக்குள் இருக்கிறது. பறக்கும்போது பாருங்கள். அந்த நிறமும் பிறவியில் வருவதல்ல. பாசியிலும் இறாலிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் உடம்பில் சேர்ந்து இறகுக்கு வருவது. குஞ்சுகள் சாம்பல் நிறம், இளம்பறவைகளுக்கு நிறம் ஏறச் சில வருஷம் ஆகும். கூட்டத்தில் அழுக்கு வெள்ளையாகச் சில தெரிந்தால் அவை வேறு இனமல்ல, சிறுவர்கள். பூநாரை வெளிநாட்டுப் பறவை என்பதும் முழு உண்மையில்லை. இந்தியாவுக்குள்ளேயே, குஜராத்தின் கட்ச் ராண் உப்புவெளியில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகிறது.

முழத்துக்கு மேல் ஆழம் என்றால் நிற்பவர்கள் போய் மிதப்பவர்கள் வருவார்கள். ஊசிவால் வாத்து வாலை மேலே தூக்கித் தலைகீழாகக் குத்தி நின்று, கழுத்து எட்டும் வரை மேயும். தட்டைவாயன் மேல்மட்டத்தை வடித்துக்கொண்டே நீந்தும். நீலச்சிறகியும் கூட்டத்தில் கலந்திருக்கும். அதற்கும் அப்பால் கூழைக்கடா, ஆலா, கடற்காகம். இவற்றுக்கு ஆழம் ஒரு பொருட்டல்ல என்பதால் நம் அளவுகோல் அங்கே முடிகிறது.

மாதத்துக்கு மாதம் மாறும் மேடை

ஆழம்தான் கணக்கு என்று பிடிபட்டதும் நாட்காட்டியும் புரிந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் முதல் உள்ளான்கள் வந்து இறங்கும்போது சதுப்பில் தண்ணீர் குறைவு. அவை கடலோரத்திலும் உப்பளப் பக்கமும் கிடைத்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் சதுப்பு நிறைந்துவிடும். கொசு உள்ளானுக்கு அது பஞ்சகாலம்; வாத்துகளுக்குக் கொண்டாட்டம். "நவம்பர்ல போனேன், வெறும் தண்ணிதான்" என்று அலுத்துக்கொள்பவர்கள் போன நேரம் அது. மார்கழி பாதியிலிருந்து மழை ஓய்ந்து தண்ணீர் வடியத் தொடங்கும். தை, மாசியில் ஒரு முழம், ஒரு சாண், நாலு விரற்கடை, சேறு என்று எல்லாப் படிகளும் ஒரே நேரத்தில் கிடைக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போகச் சொல்வதற்கு இதுதான் காரணம். மழை பொய்த்த ஆண்டில் இந்தக் கணக்கு முன்னே வரும்; பிந்திப் பெய்த ஆண்டில் தள்ளிப்போகும். ஆகவே தேதியைக் கேட்டுக்கொண்டு கிளம்புவதைவிட, உள்ளூரில் தெரிந்தவர் யாராவது இருந்தால் மழை எப்படி என்று கேட்டுக்கொண்டு கிளம்புவது உத்தமம்.

உப்பளத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த வேதாரண்யம் இதுதான்; இன்றைக்கும் தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்பு விளையும் பெரிய இடம். அகஸ்தியம்பள்ளியைத் தாண்டும்போதே சாலையோரம் உப்புக் குவியல்கள் தெரியும். கடல்நீரை முதலில் பெரிய தேக்கத்தில் நிறுத்தி, படிப்படியாக அடுத்தடுத்த தேக்கங்களுக்கு மாற்றி வெயிலில் சுண்டவைத்து, கடைசியில் பாத்திக்கு விட்டு உப்பு வாருவார்கள். இந்த வரிசையில் உப்புச்செறிவு ஏறிக்கொண்டே போகும். முதல் தேக்கத்தில் மீன் இருக்கும்; கூழைக்கடாவும் நாரையும் அங்கே நிற்கும். நடுத் தேக்கங்களில் மீன் தாங்காது. மீனுக்குப் பயப்பட வேண்டியிராத ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால் வகை பெருகும். பூநாரைக்கு அதுதான் விருந்து. கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும் நேரத்தில் பறவைக்கு இரையாகும் எந்த உயிருக்கும் இடமில்லை, பறவைக்கும் வேலையில்லை. ஆழம் ஓர் ஏணி என்றால் உப்பு இன்னோர் ஏணி. இவ்வளவு உப்புத் தண்ணீரைப் பறவைகள் எப்படிச் சமாளிக்கின்றன? கண்ணுக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறது. மிகுதி உப்பை இரத்தத்திலிருந்து பிரித்து மூக்குத்துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றிவிடும்.

உப்பளம் பறவைக்குப் பகை என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து. ஆனால் இயற்கைச் சதுப்பு தரும் அத்தனை படிகளையும் உப்பளம் தராது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்து வருகிறது. 1980களில் இங்கே திரண்ட உள்ளான் கூட்டங்களோடு ஒப்பிட்டால் இன்று இருப்பது மிகக் குறைவு என்பதே அந்த நீண்ட ஆய்வு காட்டுவது. ஆற்றிலிருந்து சதுப்புக்கு வந்துகொண்டிருந்த நல்ல தண்ணீர் குறைந்தது ஒரு முக்கியக் காரணம். நல்ல தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறும். உப்பு ஏறினால் சேற்றில் புழு குறையும். பிறகு ஆழம் சரியாக இருந்தும் தட்டு காலி. இங்கே முன்பு பதிவான கரண்டிமூக்கு உள்ளான் இன்று உலகத்திலேயே அருகிப்போய், அழிவின் விளிம்பில் இருக்கிறது. சேற்றை நம்பிய பறவைக்கு வழியெல்லாம் ஆபத்துதான். கோடியக்கரை நன்றாக இருந்து இடைவழிச் சேறு ஒன்று போய்விட்டாலும் அதற்கு அதே கதிதான்.

சேற்றை விட்டுத் தலையைத் தூக்கினால்

திடீரென்று ஆயிரம் உள்ளான்கள் ஒன்றாக எழும்பி ஒரே வீச்சில் திரும்பினால் கூட்டத்தைப் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். பொரி வல்லூறு வந்திருக்கும். தாழப் பறந்து நாணலை உரசிக்கொண்டு போனால் பூனைப்பருந்து. தண்ணீருக்கு மேல் சிறகடித்து நின்று காலை முன்னே நீட்டிக்கொண்டு விழுந்தால் விராலடிப்பான். முழுக்க மீனையே நம்பி வாழும் வேட்டைப்பறவை.

காட்டுப் பக்கம் பாலை மரங்கள் நிறைந்த பசுமைமாறாக் காடு. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் இந்தக் காட்டையும் சேர்த்துப் புரட்டிப்போட்டுவிட்டுப் போனது. இருந்தும் மழைமாதங்களில் மரநிழலின் சருகுகளுக்கிடையே ஆறுமணிக்குருவியைக் காணலாம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டுத் தெற்கேயும் இலங்கைக்கும் வரும் பறவை. பாக் நீரிணையைத் தாண்டுபவற்றுக்கு இந்த முனை வசதியான இறங்குதுறை. புல்வெளியில் வெளிமான்கள் உண்டு; முறுக்குக் கொம்போடு கரிய முதுகு தெரிந்தால் அது வளர்ந்த கிடா. மட்டக்குதிரைகளும் திரியும். அவை காட்டு விலங்கல்ல, மனிதரிடமிருந்து போய்க் காட்டில் பெருகியவை. தை மாதம் தொடங்கிக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி முட்டையிடும். வனத்துறை அவற்றை எடுத்துப் பாதுகாத்துப் பொரிக்கவைக்கிறது.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பதினோரு கிலோமீட்டர். எந்தப் பகுதிக்குப் போகலாம், எது கூடாது என்பதை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். உப்பளங்களுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் உப்புவெளியில் கானல் எழுந்து எல்லாப் பறவையும் நெளியத் தொடங்கிவிடும், எவ்வளவு விலையுள்ள பைனாகுலராக இருந்தாலும் சரி. படத்துக்காக நெருங்கிப் போய்க் கூட்டத்தைக் கிளப்பாதீர்கள். ஏப்ரலில் கிளம்ப வேண்டிய பறவைக்கு இப்போது தின்னும் ஒவ்வொரு புழுவும் வழிச்செலவு. நாம் பறக்கவைக்கும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கழிகிறது.

ஒரு நோட்டு கையில் இருக்கட்டும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. தேதி, நேரம், தண்ணீர் எவ்வளவு, பறவையின் கால் எதுவரை மூழ்கியிருந்தது, அலகால் கொத்தியதா குத்தியதா வீசியதா என்று எழுதுங்கள். இதைப் பார்த்துத் தெரிந்தவர் பெயரைச் சொல்லிவிடுவார். "சின்னதா, பழுப்பா இருந்துச்சு" என்பதை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் பனிக்காலத்தில் உள்ளான்கள் எல்லாமே சின்னதாகப் பழுப்பாகத்தான் இருக்கும். கூட்டத்தை எண்ண, முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அப்படி எத்தனை பத்து என்று போட்டுக்கொண்டு போக வேண்டும். காலில் வளையமோ நிறக்கொடியோ தெரிந்தால் எந்தக் காலில், என்ன நிறம், எழுத்து ஏதும் உண்டா என்று குறித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். அந்தப் பறவைக்கு எங்கே கொடி கட்டினார்கள் என்று தெரியவரும். சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 2015 முதல் பொங்கல் நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கின்றன. பொங்கல் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். பார்த்ததை மட்டுமல்ல, போன வருஷம் இருந்து இந்த வருஷம் இல்லாததையும் அப்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

மார்ச் கடைசியில் இன்னொரு தடவை போக முடிந்தால் போங்கள். தண்ணீர் நன்றாக வற்றி, பறவைகள் மிச்ச ஈரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பனிக்காலம் முழுக்கப் பழுப்பாக இருந்த வளைமூக்கு உள்ளான்களின் நெஞ்சில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருக்கும். சேர்த்த கொழுப்பில் உடம்பு உருண்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அவை கிளம்பிவிடும். அதற்குப் பிறகு சூன் மாத வெயிலில் கடலோரம் சில உள்ளான்கள் பழுப்பு மாறாமல் மேய்ந்துகொண்டிருப்பதைக் கண்டால் அவற்றுக்கு அடிபட்டுவிட்டதோ, வழி தவறிவிட்டதோ என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அவை போன வருஷம் பொரித்தவை. இனப்பெருக்கத்துக்கு வயது வராததால் முதல் கோடையை இங்கேயே கழித்துவிடுகின்றன.